ஆளுக்கு ஏற்ற வேலையிடம்: சிறு, நடுத்தரத் தொழிற்கூடங்களில் மனித மைய உற்பத்தி

ஒரு பொருளைச் செய்யும் முறையைத் திட்டமிடும்போது, அதைச் செய்கிற ஆளின் உடல், புலன்கள், கவனம், திறமை, கண்ணியம் ஆகியவற்றிலிருந்து கணக்கைத் தொடங்குவதே மனித மைய உற்பத்தி. இயந்திரத்தை முதலில் நிறுவிவிட்டு, அதன் முன்னே ஆளை எப்படியாவது நிற்க வைப்பது இதற்கு நேர்மாறான வழி. முதல் முறையில் மேசையின் உயரம் ஆளின் முழங்கையைப் பார்த்து முடிவாகிறது. இரண்டாவது முறையில் மேசையின் உயரத்துக்கேற்ப ஆளின் முதுகு வளைகிறது. லேத் பட்டறையிலும் பனியன் கம்பெனியிலும் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர்களின் இடுப்பு வலியும் கழுத்து வலியும் பெரும்பாலும் இந்த இரண்டாவது முறையின் விளைவுகள்.

இந்த எண்ணத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. போலந்து அறிஞர் வோய்செக் யஸ்ட்செம்பொவ்ஸ்கி 1857-இல் மனித உழைப்புக்கென்று தனி அறிவியல் வேண்டும் என்று எழுதி, அதற்கு எர்கோனாமிக்ஸ் எனப் பெயரிட்டார். இரண்டாம் உலகப் போரின்போதும் அதன் பின்னும் உளவியலாளர்கள், உடலியலாளர்கள், பொறியாளர்கள் மூவரும் சேர்ந்து இதை முறையான துறையாக வளர்த்தனர். 2021 ஜனவரியில் ஐரோப்பிய ஆணையம் ‘தொழில்துறை 5.0’ என்ற கருத்தை முன்வைத்தபோது மனித மையம், சுற்றுச்சூழல் காப்பு, நெருக்கடியைத் தாங்கும் வலிமை ஆகிய மூன்றையும் அதன் தூண்களாகக் குறிப்பிட்டது. இணையத்தாலும் தானியங்கிகளாலும் உற்பத்தியைப் பெருக்குவது மட்டும் போதாது, அந்த வளர்ச்சி உழைப்பவருக்குப் பயன்பட வேண்டும் என்பதே அதன் சாரம்.

இத்தகைய பேச்சு பெரும்பாலும் பெரிய நிறுவனங்களைச் சுற்றியே நடக்கிறது. ஆனால் உலகின் தொழில் நிறுவனங்களில் மிகப் பெரும்பாலானவை சிறியவையும் நடுத்தரமானவையும்தான். இந்தியாவில் 2025 ஏப்ரல் 1 முதல், இயந்திர முதலீடு 25 கோடி ரூபாய்க்குள்ளும் ஆண்டு விற்றுமுதல் 100 கோடிக்குள்ளும் இருந்தால் அது சிறு நிறுவனம். முதலீடு 125 கோடி, விற்றுமுதல் 500 கோடி வரை நடுத்தர நிறுவனம். அதற்கும் கீழே பத்துப் பேர்கூட இல்லாத எண்ணற்ற குறுந்தொழிற்கூடங்கள் உள்ளன. நாட்டின் தொழிலாளர் பெருந்திரள் இங்கேதான் உழைக்கிறது. உற்பத்தியை மனிதருக்கு ஏற்றதாக்கும் முயற்சி இந்தக் கூடங்களை எட்டாவிட்டால் அதனால் பெரும்பாலோருக்குப் பயனில்லை.

சிறு கூடத்தின் பலவீனமும் பலமும்

கோயம்புத்தூரின் பம்ப்செட், மோட்டார், வெட் கிரைண்டர் தொழிலில் ஒரு பொருள் பல கூடங்களைக் கடந்து உருவாகிறது. ஒரு ஃபவுண்டரி வார்த்துத் தருகிறது; வேறொரு பட்டறை லேத்தில் கடைகிறது; இன்னொரு பட்டறை துளையிடுகிறது; மற்றொன்று பெயின்ட் அடிக்கிறது. திருப்பூரிலும் அப்படியே. நிட்டிங், சாயம், கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங் எனப் பல வேலைகள் தனித்தனி ஜாப் ஒர்க் கூடங்களில் நடக்கின்றன.

இத்தகைய கூடங்களில் பாதுகாப்பு அலுவலர் என்று தனியாக எவரும் இருப்பதில்லை. இயந்திரங்கள் பல செகண்ட் ஹேண்டில் வாங்கப்பட்டவை. கைமாறும்போது அவற்றின் காப்பு மூடிகள் தொலைந்து போயிருக்கும். இடம் நெருக்கடி. ஆர்டர் ஒரு மாதம் குவியும், மறு மாதம் வற்றும். பீஸ் ரேட் கூலியில் வேலை செய்பவர் ஓய்வெடுத்தால் அவர் வருமானமே குறையும். ஆர்டர் தருகிற பெரிய நிறுவனம் விலையையும் நாளையும் முடிவு செய்துவிடுவதால், உரிமையாளரிடம் மிஞ்சும் லாபமும் சிறிது.

ஆனாலும் சிறு கூடத்துக்கு என்று சில பலங்கள் உண்டு. அங்கே உரிமையாளர் பல நேரங்களில் தாமே ஹெல்பராகத் தொடங்கி மேலே வந்தவர். எந்த மெஷின் கையைக் கடிக்கும் என்பது அவருக்குத் தெரியும். ஒரு மேசையை உயர்த்த வேண்டுமென்றால் குழு கூடி, கோப்பு நகர்ந்து, தலைமையகம் ஒப்ப வேண்டியதில்லை. வெல்டிங் மெஷினும் ஆங்கிள் இரும்பும் அந்தப் பட்டறையிலேயே இருக்கின்றன. காலையில் சொன்ன குறைக்கு மாலைக்குள் ஒரு ஸ்டாண்டு தயாராகிவிடும்.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு இந்தப் பலத்தை நம்பித்தான் 1980-களில் சிறு தொழிற்கூடங்களுக்கான வேலையிட மேம்பாட்டுத் திட்டத்தை ஆசிய நாடுகளில் தொடங்கியது. ஜப்பானிய அறிஞர் கசுடாக்கா கோகி அதில் முக்கியப் பங்கு வகித்தார். வெளியிலிருந்து வல்லுநர் வந்து குறைகளை அடுக்குவதற்குப் பதிலாக, அந்த ஊரின் கூடங்களிலேயே ஏற்கெனவே நடக்கும் நல்ல பழக்கங்களைப் படமெடுத்துப் பிறருக்குக் காட்டுவது அதன் முறை. குறைந்த செலவில் உடனே செய்யக்கூடியதை முதலில் செய்வது, தொழிலாளரைச் சேர்த்துக்கொண்டு முடிவெடுப்பது, வேலைச் சூழலையும் உற்பத்தியையும் ஒன்றாகப் பார்ப்பது ஆகியவை அதன் அடிப்படைகள். இந்த அனுபவங்களிலிருந்து 1996-இல் வெளிவந்த எர்கோனாமிக்ஸ் சரிபார்ப்புக் கையேடு பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது.

உடலின் கணக்கு

வேலை மேசையின் சரியான உயரத்துக்குத் தரையிலிருந்து அளக்கும் ஒரே எண் கிடையாது. அதை முழங்கையிலிருந்து அளக்க வேண்டும். நின்று செய்யும் இலகுவான வேலைக்கு மேசை முழங்கைக்கு 10 முதல் 15 செ.மீ. கீழே இருப்பது நல்லது. நுணுக்கமாகப் பார்த்துச் செய்யும் வேலைக்கு 5 முதல் 10 செ.மீ. மேலே இருக்கலாம். உடல் எடையைக் கொடுத்து அழுத்தும் கனமான வேலைக்கு 15 முதல் 40 செ.மீ. வரை தாழ்வாக இருக்க வேண்டும். ஒரே மேசையில் உயரமானவரும் குட்டையானவரும் மாறி மாறி வேலை செய்தால், மேசையை உயரமானவருக்கு ஏற்ப அமைத்துவிட்டு, குட்டையானவர் ஏறி நிற்க உறுதியான மரப்பலகை போடலாம். ஐரோப்பிய உடல் அளவுக்குச் செய்யப்பட்ட இறக்குமதி இயந்திரங்களுக்கு முன்னால் இந்தியப் பெண் தொழிலாளர் நிற்கும்போது இந்தப் பலகை இன்னும் அவசியமாகிறது.

எடை தூக்குவதில் கணக்கு இன்னும் தெளிவானது. அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு, நலவாழ்வு ஆய்வு நிறுவனம் 1991-இல் திருத்தி அமைத்த சூத்திரத்தின்படி, எல்லாம் சாதகமாக இருக்கும் நிலையில் ஒருவர் தூக்கக்கூடிய எடையின் வரம்பு 23 கிலோ. பொருள் கணுக்காலிலிருந்து 25 செ.மீ. தூரத்துக்குள் இருக்க வேண்டும். தரையிலிருந்து 75 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். உடல் திரும்பக் கூடாது. எப்போதாவது மட்டுமே தூக்க வேண்டும். நிலை மாற மாற வரம்பு குறையும்.

ஒரு வார்ப்பைத் தரையிலிருந்து 75 செ.மீ. உயர மேசைக்குத் தூக்குவதாகக் கொள்வோம். அது கணுக்காலிலிருந்து 50 செ.மீ. தள்ளி இருந்தால், 25-ஐ 50-ஆல் வகுத்து வரும் 0.5-ஆல் பெருக்க வேண்டும். 23 கிலோ உடனே 11.5 கிலோ ஆகிவிடும். தரை மட்டத்திலிருந்து எடுப்பதற்கான பெருக்கெண் 0.775. 75 செ.மீ. உயரம் தூக்குவதற்கான பெருக்கெண் 0.88. எல்லாம் பெருக்கினால் வரம்பு 8 கிலோவுக்கும் சற்றுக் குறைவு. அதாவது, அதே ஆள், அதே வார்ப்பு. வைத்திருக்கும் இடம் மட்டும் தவறாக இருந்ததால் தாங்கக்கூடிய எடை மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது.

இதற்குத் தீர்வும் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. வார்ப்புகளைத் தரையில் குவிக்காமல் இடுப்பு உயரமுள்ள டிராலியில் வைத்தால் தரை மட்டக் குறைப்பு மறைந்துவிடும். டிராலியை மேசையை ஒட்டித் தள்ளி வந்தால் தூரக் குறைப்பும் போய்விடும். தூக்குவதே இழுப்பதாக மாறும். இரும்புச் சட்டமும் நான்கு சக்கரங்களும் தவிர இதற்கு வேறு முதலீடு வேண்டாம்.

உட்கார்ந்து செய்யும் வேலைக்கும் இதே கவனம் வேண்டும். முதுகுத் தாங்கல் இல்லாத ஸ்டூலில் அமர்ந்து ஓவர்லாக் மெஷினில் குனிந்து தைப்பவரின் கழுத்தும் தோளும் நாள் முழுக்க இறுகியே இருக்கும். இருக்கையின் உயரத்தை மாற்ற முடிவதும், முதுகுக்குச் சாய்மானம் இருப்பதும், பெடல் காலுக்கு நேரே அமைவதும், தைக்க வேண்டிய துணி இடப்பக்கம் மேசை உயரத்திலேயே இருப்பதும் இந்த இறுக்கத்தைக் குறைக்கும்.

கண்ணும் காதும் வெப்பமும்

தையல் வேலைக்கு 750 லக்ஸ், துணியின் பழுதைத் தேடும் செக்கிங் வேலைக்கு 1000 லக்ஸ் வெளிச்சம் வேண்டும் என்று ஐரோப்பியத் தரங்கள் கூறுகின்றன. கூரையின் உச்சியில் தொங்கும் விளக்குகளால் இந்த அளவைக் கொண்டுவருவது மின்சாரத்தை வீணாக்கும் வழி. சிறிய விளக்கு ஒன்றின் வெளிச்சம் தூரத்தின் இருமடியில் குறைவதால், அதை இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து ஒரு மீட்டருக்கு இறக்கினால் மேசையில் விழும் ஒளி நான்கு மடங்காகும். விளக்கின் நிழலும் கூச்சமும் கண்ணில் படாதபடி அதைப் பக்கவாட்டில் வைக்க வேண்டும். வயதையும் கணக்கில் எடுக்க வேண்டும். 60 வயதானவரின் விழித்திரையை அடையும் ஒளி, 20 வயதானவருக்கு அடைவதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. அனுபவம் மிகுந்த செக்கருக்கு இளைஞரைவிட அதிக வெளிச்சம் தேவை.

இரைச்சலில் உடலின் பொறுமைக்கு எல்லை உண்டு. அதே அமெரிக்க ஆய்வு நிறுவனம் நாளொன்றுக்கு 8 மணி நேரத்துக்கு 85 டெசிபல் என்று வரம்பு வகுத்துள்ளது. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் ஒலியின் ஆற்றல் இருமடங்காவதால் பாதுகாப்பான நேரம் பாதியாகும். 88-இல் 4 மணி நேரம், 91-இல் 2 மணி நேரம், 94-இல் 1 மணி நேரம். விசைத்தறிக் கூடங்களில் இரைச்சல் 95 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். அங்கே முழு ஷிப்ட் நிற்பவரின் செவித்திறன் ஆண்டுக்கு ஆண்டு தேய்கிறது. உள்காதின் உணர்செல்கள் அழிந்தபின் மறுபடி முளைப்பதில்லை. காதடைப்பான் கடைசிக் காவலாகவே இருக்க வேண்டும். முதலில் கம்ப்ரஸரைச் சுவருக்கு அப்பால் மாற்றலாம், மெஷினுக்கு அடியில் ரப்பர் மெத்தை போடலாம், தளர்ந்து அதிரும் தகடுகளை இறுக்கலாம், தேய்ந்த பேரிங்கை மாற்றலாம்.

வெப்பம் உற்பத்தியை எவ்வளவு தின்கிறது என்பதை இந்திய ஆய்வுகளே காட்டியுள்ளன. ஈ. சோமநாதனும் மற்றவர்களும் இந்தியத் தொழிற்சாலைகளின் தரவுகளைக் கொண்டு 2021-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஆண்டு வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் தொழிற்சாலையின் உற்பத்தி ஏறத்தாழ 2 விழுக்காடு குறைகிறது. பெங்களூரைச் சுற்றியுள்ள ஆடைத் தொழிற்சாலைகளில் பழைய விளக்குகளுக்குப் பதில் எல்.இ.டி. விளக்குகள் பொருத்தப்பட்டபோது, தையல் கூடத்தின் வெப்பம் குறைந்து, வெயில் நாட்களில் ஏற்படும் உற்பத்திச் சரிவின் பெரும்பகுதி மறைந்தது. மின்கட்டணத்தைக் குறைக்கச் செய்த மாற்றம் தொழிலாளரின் உடலுக்கு நிம்மதி தந்து, அதன் வழியே கூடுதல் வருமானமும் தந்தது.

உடல் தன்னைக் குளிர்விக்கும் முக்கிய வழி வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை முழுதும் ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பம் வெளியேறும். காற்றோட்டம் இல்லாமல் வியர்வை ஒழுகி விழுந்தால் நீர் இழப்பு மட்டுமே மிஞ்சும், குளிர்ச்சி கிடைக்காது. ஆகவே கூரையின் உச்சியில் சூடான காற்றை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் ஃபேன், தகரக் கூரையில் வெள்ளைப் பூச்சு, உலைக்கும் ஆளுக்கும் நடுவே வெப்பக் கதிரைத் திருப்பும் அலுமினியத் தகடு, கால் மணிக்கொருமுறை ஒரு தம்ளர் குடிக்க முடிகிற தூரத்தில் தண்ணீர் ஆகியவை வேண்டும். கழிப்பறை மோசமாக இருந்தால் பெண் தொழிலாளர் தண்ணீரே குடிக்காமல் இருப்பார்கள். எனவே சுத்தமான கழிப்பறையும் வெப்பத்தைத் தாங்குவதற்கான ஏற்பாடுகளில் ஒன்றே.

விரல்களைக் காப்பது

சிறு தொழிற்கூடங்களில் நிகழும் மிகக் கொடிய விபத்துகளில் பவர் பிரஸ் விபத்து முதன்மையானது. தகட்டை டையில் வைத்து, காலால் பெடலை மிதித்து, மீண்டும் கையை விட்டுத் தகட்டை எடுக்கும் இந்த வேலை ஒரு ஷிப்டில் ஆயிரக்கணக்கான முறை நடக்கிறது. காலும் கையும் ஒருமுறை தாளம் தப்பினால் விரல்கள் போய்விடும். சேஃப் இன் இந்தியா அறக்கட்டளை 2019 முதல் வெளியிட்டு வரும் அறிக்கைகள், வாகன உதிரிபாகக் கூடங்களில் இப்படி விரல் இழந்தவர்களின் கதியைப் பதிவு செய்துள்ளன.

‘கவனமாக வேலை செய்’ என்று சொல்வது இங்கே ஏன் பயனற்றது என்பதை எளிய கணக்கு காட்டும். பாதுகாப்புத் தரங்கள் கையின் வேகத்தை நொடிக்கு 1.6 மீட்டர் என்று எடுத்துக்கொள்கின்றன. நிறுத்தும் கட்டளை கிடைத்தபின் பிரஸ் நிற்க 0.3 நொடி ஆகுமானால், அதற்குள் கை 48 செ.மீ. நகர்ந்துவிடும். ஆகவே இரு கைகளாலும் ஒரே நேரத்தில் அழுத்த வேண்டிய பட்டன்களும், கை குறுக்கிட்டால் பிரஸை நிறுத்தும் ஒளித்திரைக் காவலும் ஆபத்து இடத்திலிருந்து குறைந்தது அவ்வளவு தள்ளி அமைக்கப்பட வேண்டும். மனிதரின் எதிர்வினை நேரமே ஏறத்தாழ 0.2 நொடி என்பதால், ஆபத்தைக் கண்டு கையை இழுத்துக்கொள்வதை நம்பவே முடியாது.

கீ கிளட்ச் கொண்ட பழைய பிரஸ்களில் இன்னொரு சிக்கல் உண்டு. கிளட்ச் ஒருமுறை பிடித்துவிட்டால் முழுச் சுற்று முடியும்வரை பிரஸ் நிற்காது. இவற்றில் ஒளித்திரை வைத்தும் பயனில்லை. தகடு மட்டும் நுழையும், விரல் நுழையாத அளவுக்கு இடைவெளி விட்டு டையைச் சுற்றி நிலையான கம்பிக் கூண்டு போடுவதும், தகட்டைச் சரிவில் நழுவவிட்டு உள்ளே செலுத்துவதும், முடிந்த பொருளைக் காற்றால் தள்ளி வெளியேற்றுவதும் நம்பத்தக்க வழிகள். கை உள்ளே போக வேண்டிய தேவையையே நீக்குவதுதான் இவை எல்லாவற்றின் நோக்கம். கூண்டு வேலையைத் தாமதப்படுத்தினால் யாராவது அதைக் கழற்றிவிடுவார்கள். ஆகவே அந்தப் பிரஸில் வேலை செய்பவரோடு சேர்ந்து வடிவமைத்த கூண்டே நிலைத்து நிற்கும்.

தவறு நேராத வடிவமைப்பு

இரண்டாம் உலகப் போரின்போது, அமெரிக்காவின் பி-17 விமானங்கள் தரையிறங்கிய பிறகு விமானிகள் தவறுதலாகச் சக்கரங்களை மடக்கிவிடும் விபத்துகள் தொடர்ந்தன. விமானிகளின் கவனக்குறைவு என்று சொல்லி விடாமல், உளவியலாளர் அல்ஃபோன்ஸ் சபானிஸ் விமானியின் அறையை ஆராய்ந்தார். சக்கரத்துக்கான விசையும் இறக்கை மடிப்புக்கான விசையும் ஒரே தோற்றத்தில் அருகருகே இருந்தன. ஒன்றின் முனையில் சிறு ரப்பர் சக்கரமும் மற்றதில் ஆப்பு வடிவமும் பொருத்தப்பட்டன. கை தொட்டவுடனே எது எது என்று தெரிந்தது. அந்தத் தவறு நின்றது.

ஜப்பானியப் பொறியாளர் ஷிகேயோ ஷிங்கோ 1961-இல் யமடா எலக்ட்ரிக் தொழிற்சாலையில் இதே சிந்தனையைச் சிறு பாகங்களின் பொருத்தலுக்குக் கொண்டுவந்தார். இரண்டு பட்டன்கள் கொண்ட ஒரு ஸ்விட்சில் ஒவ்வொரு பட்டனுக்கும் கீழே ஒரு ஸ்பிரிங் வைக்க வேண்டும். சில நேரம் தொழிலாளர் ஒன்றை மறந்துவிடுவார். குறை வாடிக்கையாளரிடம் போன பின்னரே தெரியும். ஷிங்கோவின் தீர்வு ஒரு சிறிய தட்டு. வேலை தொடங்கும் முன் பெட்டியிலிருந்து இரண்டு ஸ்பிரிங்குகளை எடுத்துத் தட்டில் வைக்க வேண்டும். பொருத்தி முடித்தபின் தட்டில் ஏதேனும் மிஞ்சியிருந்தால் மறந்தது அங்கேயே தெரிந்துவிடும்.

இந்த இரண்டு நிகழ்வுகளிலும் தண்டனையோ எச்சரிக்கைப் பலகையோ இல்லை. மறப்பது மனித இயல்பு என்று ஒப்புக்கொண்டு, மறதி சேதமாக மாறாதபடி வேலை திருத்தப்பட்டது. தலைகீழாக வைத்தால் நுழையாத ஜிக், சரியான எண்ணிக்கை மட்டும் அடங்கும் குழித்தட்டு, அளவு சரியென்றால் மட்டும் நுழையும் கேஜ் ஆகியவற்றைச் செய்யும் திறமை எந்த நல்ல ஃபிட்டரிடமும் இருக்கிறது. புலம்பெயர்ந்து வந்த தொழிலாளர் பேசும் மொழியில் எழுதிய, படத்தோடு கூடிய வழிமுறைத் தாளும் இந்த வகைக் காவலே. ஒடியாவோ இந்தியோ மட்டும் அறிந்தவருக்குத் தமிழில் சொன்ன எச்சரிக்கை எந்தப் பாதுகாப்பும் தராது.

வேலையைப் பகிர்வதில் கண்ணியம்

உடலுக்கு ஏற்ற மேசையும் பாதுகாப்பான மெஷினும் இருந்தும் வேலை மனிதரை வாட்டக்கூடும். அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் கராசெக் 1979-இல் வெளியிட்ட கோட்பாடு, வேலைப் பளு அதிகமாகவும் அதைச் செய்யும் விதத்தில் சொந்த முடிவெடுக்கும் உரிமை குறைவாகவும் இருக்கும் இடத்தில்தான் மன அழுத்தம் உச்சமடைகிறது என்று காட்டுகிறது. பளு மிகுந்தாலும் முடிவெடுக்கும் உரிமை இருந்தால் மனிதர் கற்றுக்கொண்டு வளர்கிறார்.

இதற்கு இந்திய மண்ணிலேயே ஒரு பழைய சான்று உண்டு. லண்டனின் டேவிஸ்டாக் நிறுவனத்தைச் சேர்ந்த ஏ.கே. ரைஸ் 1953-இல் அகமதாபாத்தின் காலிகோ மில்லில் ஆய்வு செய்தார். அங்கே புதிய தானியங்கித் தறிகள் நிறுவப்பட்டும் எதிர்பார்த்த பலன் வரவில்லை. 224 தறிகளை 29 பேர் 12 வகையான தனித்தனிப் பொறுப்புகளில் கவனித்தனர். நூல் ஏற்றுபவர், அறுந்ததை முடிபவர், எண்ணெய் விடுபவர் என ஒவ்வொருவரும் தனித்தனியே ஓடிக்கொண்டிருந்தனர். குறிப்பிட்ட தறிகளுக்கு யாரும் கூட்டாகப் பொறுப்பேற்கவில்லை. சில தறிகளைச் சிறு குழு ஒன்றின் முழுப் பொறுப்பில் விடலாம் என்ற யோசனை வந்ததும், தொழிலாளர்களும் மேற்பார்வையாளர்களும் தாங்களே முனைந்து குழுக்களை அமைத்துக்கொண்டனர். தொடக்கத் தடுமாற்றங்களுக்குப் பிறகு தறிகளின் திறன் உயர்ந்தது, பழுதான துணி குறைந்தது. ரைஸ் இந்த அனுபவத்தை 1958-இல் நூலாக எழுதினார்.

சிறு கூடத்துக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை எளியவை. ஒருவருக்கு ஒரே அசைவை மட்டும் தராமல், ஒரு பாகத்தை முழுதாகச் செய்து தாமே அளந்து பார்க்கும் பொறுப்பைத் தரலாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வேலைகளை மாற்றிக்கொண்டால் ஒரே தசை ஓயாமல் உழைப்பதும் குறையும், ஒருவர் விடுப்பில் போனால் வேலை நிற்பதும் குறையும். பீஸ் ரேட் இருக்கும் இடத்தில் குறைந்தபட்ச நாள் கூலிக்கு உறுதி தந்தால்தான் ஓய்வு இடைவேளை உண்மையான ஓய்வாகும்.

புதிய இயந்திரங்கள் வரும்போது

சி.என்.சி. மெஷின்கள், கேமரா வழி ஆய்வு, மனிதரோடு சேர்ந்து இயங்கும் ரோபோக்கள் ஆகியவை இப்போது சிறு கூடங்களையும் எட்டியுள்ளன. டென்மார்க்கின் ஓடென்ஸ் நகரில் 2005-இல் தொடங்கப்பட்ட யுனிவர்சல் ரோபோட்ஸ் நிறுவனம், 5 கிலோ எடையைக் கையாளும் தன் முதல் ரோபோவை 2008-இல் விற்றது. கூண்டுக்குள் அடைத்து வைக்கப்பட்ட பெரிய ரோபோக்களுக்கு மாறாக, எதன் மீதாவது மோதினால் நின்றுவிடும் வகையில் இது செய்யப்பட்டிருந்தது. கையைப் பிடித்து நகர்த்தியே அதற்கு வேலையைக் கற்பிக்க முடிந்தது. மனித உடலின் எந்தப் பகுதி எவ்வளவு அழுத்தத்தைத் தாங்கும் என்ற அளவுகளைப் பன்னாட்டுத் தர அமைப்பு 2016-இல் வெளியிட்டது. ஆனால் ரோபோவின் கையில் கூர்மையான தகடு இருந்தால் ரோபோ எவ்வளவு மென்மையானதாக இருந்தும் பயனில்லை. பாதுகாப்பை ரோபோவுக்கு மட்டும் பார்க்கக் கூடாது. அது செய்யும் முழு வேலைக்கும் பார்க்க வேண்டும்.

தானியங்கியால் வேறொரு சிக்கலும் எழுகிறது. பிரிட்டிஷ் உளவியலாளர் லிசான் பெய்ன்பிரிட்ஜ் 1983-இல் இதை விளக்கினார். எளிதான வேலைகளை இயந்திரம் எடுத்துக்கொண்டு, அது தடுமாறும் கடினமான கட்டங்களை மட்டும் மனிதரிடம் விடுகிறது. ஆனால் நாள்தோறும் பழகாததால் மனிதரின் திறமை மங்கிவிட்டிருக்கும். கை லேத்தில் வெட்டின் ஓசையைக் கேட்டே டூல் மழுங்கியதை அறிந்தவர், சி.என்.சி. மெஷினில் பீஸை ஏற்றி இறக்குபவராக மட்டும் மாற்றப்பட்டால் அந்த அறிவு கூடத்துக்கே இழப்பு. புரோகிராம் எழுதுவதிலும், ஆஃப்செட் திருத்துவதிலும், டூலைத் தேர்வதிலும் அவருக்குப் பயிற்சி தந்தால் பழைய அனுபவமும் புதிய இயந்திரமும் ஒன்றுக்கொன்று துணையாகும்.

சென்சார்களும் கேமராக்களும் திரட்டும் தரவு எதற்குப் பயன்படுகிறது என்பதும் முக்கியம். மெஷின் ஏன் நின்றது, எங்கே பழுது கூடுகிறது என்று அறிய அது உதவ வேண்டும். கழிப்பறைக்குப் போன நிமிடங்களை எண்ண அதே கருவி பயன்பட்டால், உண்மையான குறைகளை யாரும் வாய்திறந்து சொல்ல மாட்டார்கள்.

தொடங்கும் முறை

சிறு கூடம் ஒன்று இந்த மாற்றத்தை ஒழுங்காகத் தொடங்க ஐந்து படிகள் போதும்.

முதல் படி, பார்ப்பது. உரிமையாளரும் இரண்டு மூன்று தொழிலாளர்களும் சரிபார்ப்புப் பட்டியலோடு கூடத்தை ஒருமுறை சுற்றி வர வேண்டும். குனிதல், எட்டுதல், தூக்குதல், தேடுதல், காத்திருத்தல் ஆகியவை எங்கெங்கே நடக்கின்றன என்று குறிக்க வேண்டும்.

இரண்டாவது, கேட்பது. உடலின் வரைபடம் ஒன்றைக் கொடுத்து, ஷிப்ட் முடிவில் எங்கே வலிக்கிறது என்று பெயர் எழுதாமல் குறிக்கச் சொல்லலாம். பிரிட்டனின் கோர்லெட்டும் பிஷப்பும் 1976-இல் அறிமுகப்படுத்திய இந்த முறைக்கு ஒரு தாளும் பேனாவும் மட்டுமே தேவை. எழுதப் படிக்கத் தெரியாதவரும் இதில் பங்கேற்கலாம்.

மூன்றாவது, தேர்வது. கண்டவற்றில் உயிருக்கும் உறுப்புக்கும் ஆபத்தானவற்றை உடனே சரிசெய்ய வேண்டும். மற்றவற்றில் செலவு குறைவாகவும் பயன் பலருக்கும் கிடைப்பதாகவும் உள்ள மூன்றை எடுத்துக்கொள்ளலாம்.

நான்காவது, செய்து பார்ப்பது. அட்டையிலோ மரத்திலோ தற்காலிகமாகச் செய்து, அங்கே வேலை செய்பவர் ஒரு வாரம் பயன்படுத்திக் குறை சொன்ன பிறகு இரும்பில் நிலையாகச் செய்ய வேண்டும்.

ஐந்தாவது, அளப்பது. மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ரிஜெக்‌ஷன், மறுவேலை, விடுப்பு, வேலையை விட்டுப் போனவர்கள், மயிரிழையில் தப்பிய விபத்துகள் ஆகியவற்றை ஒரே நோட்டில் குறித்து வர வேண்டும். மயிரிழையில் தப்பியதைச் சொன்னவருக்கு நன்றி கிடைத்தால்தான் அந்த நோட்டு உண்மையைச் சொல்லும்.

ஒழுங்கான நிர்வாகப் பழக்கங்களின் பலன் அளக்கப்பட்டுள்ளது. நிக்கோலஸ் புளூமும் மற்றவர்களும் மும்பைக்கு அருகிலுள்ள தாராப்பூர், உம்பர்காவ் பகுதி நெசவு ஆலைகளில் நடத்தி 2013-இல் வெளியிட்ட ஆய்வில், பழுதுகளைப் பதிவது, மெஷின்களை முறையாகப் பராமரிப்பது, தரையைச் சுத்தமாக வைப்பது, இருப்பைக் கணக்கிடுவது போன்ற பழக்கங்கள் முதல் ஆண்டிலேயே உற்பத்தித் திறனை 17 விழுக்காடு உயர்த்தின.

பொறுப்பு யாருடையது

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், நின்று வேலை செய்பவர்களுக்கு அமர இடம் தர வேண்டும் என்றும், இயங்கும் பாகங்களுக்கு வேலி வேண்டும் என்றும் அப்போதே வகுத்தது. மின்சாரத்தால் இயங்கும் கூடத்தில் பத்துப் பேருக்குக் குறைவாக இருந்தால் அந்தச் சட்டம் பொதுவாகப் பொருந்தவில்லை. மிகச் சிறிய பட்டறைகள் பல அதன் கண்ணில் படாமலே இயங்கின. 2022 ஜூனில் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு பாதுகாப்பான, நலமான வேலைச் சூழலைத் தொழிலாளரின் அடிப்படை உரிமைகளில் ஒன்றாக அறிவித்தது. அந்த உரிமைக்கு ஆட்களின் எண்ணிக்கை ஒரு வரம்பாகாது.

உரிமையாளர் மட்டும் இதைச் சுமக்க முடியாது. ஆர்டர் தரும் நிறுவனம் பேசும் விலையில் காப்பு மூடிக்கும் காற்றோட்டத்துக்கும் இடம் இருக்க வேண்டும். தொழில் சங்கங்களும் பொறியியல் கல்லூரிகளும் டிராலி, ஜிக், பிரஸ் கூண்டு ஆகியவற்றின் வரைபடங்களைப் பொதுவில் வைத்தால் ஒரு கூடம் கண்டுபிடித்ததை நூறு கூடங்கள் பயன்படுத்தலாம். வங்கிக் கடனும் அரசு மானியமும் புதிய மெஷின் வாங்குவதற்கு மட்டுமன்றி, பழைய மெஷினைப் பாதுகாப்பாக்கவும் கிடைக்க வேண்டும்.

சிறு தொழிற்கூடத்தில் உற்பத்தியை மனிதருக்கு ஏற்றதாக்க மேற்கண்ட தீர்வுகளில் பெரும்பாலானவற்றுக்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. அளவு நாடாவும் வெல்டிங் மெஷினும் வேலை செய்பவரின் சொல்லுக்குக் காது கொடுக்கும் பழக்கமும் வேண்டும். முதல் இரண்டும் ஏற்கெனவே பட்டறையில் இருக்கின்றன. மூன்றாவதைத் தொடங்க வேண்டிய பொறுப்பு உரிமையாளருடையது.